சும்மா கொடுக்கிற இலை

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கிய தமிழரை யாராவது பார்த்ததுண்டா? லோகேஸ்வரி பார்த்ததில்லை. அதைவிடக் கொடுமை, ஆயிரத்து நூறு கறிவேப்பிலைக் கன்றுகளை நட்டு, அவை இடுப்பு உயரம் வளர்ந்து, வெட்டு வெட்டு என்று நின்ற பிறகுதான் அவளுக்கே இது உறைத்தது.

நடும்போது எல்லாம் சரியாகத்தான் தோன்றியது. விவசாயப் பயிற்சி வகுப்பில் ஒரு அதிகாரி திரையில் படம் காட்டிப் பேசினார். சிறு விவசாயி கேமரன் மலைக்காரர்களோடு முட்டைக்கோஸில் போய் மோதக் கூடாது, தன் வட்டாரத்து மக்கள் விடாமல் சாப்பிடுகிற ஒரு பயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். லோகேஸ்வரி நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். எந்தத் தமிழர் வீட்டுச் சட்டியில் கறிவேப்பிலை இல்லை? அதிகாரி சொன்னதில் தப்பே கிடையாது. எல்லார் சட்டியிலும் கறிவேப்பிலை இருக்கிறது. ஆனால் யார் பணப்பையிலிருந்தும் அதற்கென்று ஒரு காசு வெளியே வந்ததில்லை. வாசலில் ஒரு மரம் இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் காய்கறிக் கடைக்காரர் பைக்குள் ஒரு கைப்பிடி சும்மா போடுவார்.

லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்தேழு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கிடைத்த இழப்பீட்டில் அவளும் கணவர் ரெங்கசாமியும் டெங்கிலில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார்கள். ரெங்கசாமி லோரி ஓட்டியவர். அவர் ஜாகோங் என்கிற சோளம் போடலாம் என்றார். இவள் கறிவேப்பிலை என்று ஒற்றைக் காலில் நின்றாள். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் சொன்ன பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகத் தீர்மானித்தது இந்தச் செடிகளைத்தான். அதனால் அவை வெறும் செடிகள் இல்லை. அவை தோற்றால் தனக்கு மூளை இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவள் நினைத்தாள்.

விற்க அவள் செய்யாத வித்தை இல்லை. பொடி இடித்துப் போத்தலில் அடைத்து, கிள்ளானில் தீபாவளிச் சந்தையில் கடை போட்டாள். பதினோரு போத்தல் விற்றது. அதில் எட்டு சொந்தக்காரர்கள் வாங்கியது. பிறகு அழகான பாக்கெட்டில் போட்டு ஒரு பேரங்காடிக்குக் கொடுத்தாள். குளிர்ப்பெட்டியில் இலை கறுத்துப்போய் மூன்றே நாளில் திரும்பி வந்தது. ஒரு கிழவி அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, விலையைப் படித்து, "இதுக்குமா காசு?" என்று கடவுளிடம் கேட்பதுபோலக் கேட்டதை லோகேஸ்வரியே நின்று பார்த்தாள்.

ரெங்கசாமி கோபக்காரர் இல்லை. ஒரு மாலை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "லோகா, இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஒரு வழி பொறக்கலேன்னா மெஷினக் கூப்பிட்டு எல்லாத்தையும் பேத்துட்டு ஜாகோங் போட்டுருவோம்" என்றார். நியாயமான பேச்சுத்தான். நியாயமாக இருந்ததால் அவளால் சண்டை கூடப் போட முடியவில்லை.

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை காலை, மூன்று கிலோ இலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். புடவைக் கடைகளைத் தாண்டி ராதாகிருஷ்ணன் என்பவரின் காய்கறிக் கடை இருந்தது. முப்பது வருஷக் கடை. மூக்கில் கண்ணாடி இறங்கி நிற்க, ராதாகிருஷ்ணன் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க டெங்கில் நிலத்துல வெளஞ்ச கருவேப்பில. இன்னிக்குக் காலையில வெட்டுனது. மோந்து பாருங்க."

அவர் ஒரு ஈர்க்கை வாங்கிக் கசக்கி முகர்ந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. "வாசம் தூக்குதும்மா. சின்ன எலை, கரும்பச்சை, அசல் சாமான். ஆனா நான் எதுக்கு இத வாங்கணும்? நான் இத விக்கிறதே இல்லையே. கேமரன் லோரிக்காரன் முட்டைக்கோஸ் மூட்டை மேல ஒரு கட்டு சும்மா போட்டுட்டுப் போறான். நான் அத சும்மா குடுக்குறேன். சும்மா குடுக்குறதுக்குக் காசு குடுத்து வாங்கச் சொல்றீங்க. என்ன லாஜிக் லா இது?"

"பாக்கெட் போட்டு வெல வச்சுப் பாக்கலாம்ண்ணே."

"கருவேப்பிலைக்குக் காசு கேட்டேன்னு வைங்க, சாயங்காலத்துக்குள்ள இந்த ரோடு பூரா என் பேரு நாறிடும். வேணாம்மா."

வந்த காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சண்டை போட ஒன்றும் இல்லை. அவள் நின்றாள். வந்ததுதான் வந்தோம், வீட்டுக்காவது காய் வாங்கிக்கொண்டு போகலாம் என்று கத்தரிக்காய் அரைக் கிலோ, தக்காளி, கொஞ்சம் வெண்டைக்காய் எடுத்துக் கொடுத்தாள். மனசு வேறெங்கோ இருந்தது. ராதாகிருஷ்ணன் நிறுத்தார், பையில் போட்டார், காசை வாங்கிக்கொண்டு பையை நீட்டினார். அப்போதுதான் நாற்பது வருஷப் பழக்கம் அவள் வாயைத் திறந்தது.

"அண்ணே, கொஞ்சம் கருவேப்பில போடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. காலடியில் மூன்று கிலோ கறிவேப்பிலை இருக்கிறது. டெங்கிலில் ஆயிரத்து நூறு செடி நிற்கிறது. அவளோ கைநீட்டி ஓசியில் கறிவேப்பிலை கேட்கிறாள். ராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தராசைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். லோகேஸ்வரிக்குக் காது மடல் வரை சூடேறியது. பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது.

பின்னால் வரிசையில் நின்ற டொரத்தி ஆன்டி என்ன சங்கதி என்று கேட்டார். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பயப்படாத கடைக்காரர் இல்லை. ராதாகிருஷ்ணன் சிரிப்புக்கு நடுவே விஷயத்தைச் சொன்னார். ஆன்டி சிரிக்கவில்லை.

"பல்லக் காட்டாதீங்க ராதா. நீங்க போடுற எலைய என்னிக்காவது பாத்துருக்கீங்களா? பாதி குச்சி, மிச்சம் கறுப்புப் புள்ளி. வீட்டுக்குப் போனதும் நேரா குப்பைக்குத்தான் போகுது. எதிர்க்கடை பவுனம்மா எம்புட்டு நல்ல எலையா பொறுக்கிப் போடுது தெரியுமா? அதான் போன வாரம் தக்காளிய அங்கயே வாங்கிட்டேன்."

ராதாகிருஷ்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "தக்காளி அங்கயா வாங்குனீங்க ஆன்டி?"

"ஆமா. வெங்காயமும்."

லோகேஸ்வரி அந்த முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷ வியாபாரி, ஒரு கிலோ தக்காளிக்காக முகம் செத்துப்போய் நின்றார். அந்த நிமிஷத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் அவள் சமைக்கிறவர்களிடம் கறிவேப்பிலையை விற்கப் பார்த்தாள். சமைக்கிறவர்கள் செத்தாலும் அதற்குக் காசு தரமாட்டார்கள், அவளே தரமாட்டாள், சற்று முன்தான் நிரூபித்தாள். ஆனால் சும்மா வருகிற அந்தக் கைப்பிடி நல்லதா கெட்டதா என்பதை வைத்துத் தக்காளியை எங்கே வாங்குவது என்று தீர்மானிக்கிறார்கள். இந்த இலை விற்கிற பொருள் இல்லை. கொடுக்கிற பொருள். கொடுக்கிறவர்தான் இதற்குக் காசு தரவேண்டியவர்.

வெட்கம் போன இடம் தெரியவில்லை. வேனை ஓட்டிக்கொண்டு வரும்போது நெடுஞ்சாலையில் தனியாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் ராதாகிருஷ்ணன் கடை வாசலில் நின்றாள். கூடையில் சின்னச் சின்னக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஏழு ஈர்க்கு. ஒரு சிறிய குடும்பத்துக்கு இரண்டு நாள் தாளிக்கப் போதும். புள்ளி இல்லாத இலையாகப் பார்த்து, கழுவி, ஈரம் உலர்த்தி, வாழைநாரில் கட்டி, கடைப் பெயர் எழுதிய ஒரு சின்னத் தாளையும் நாரில் செருகியிருந்தாள். 'ராதாகிருஷ்ணன் கடையின் அன்பளிப்பு.'

"அண்ணே, இத விக்காதீங்க. குடுங்க. நாலு நாளைக்கு என் செலவு. அஞ்சாவது நாளு வேணும்னா கட்டு பதினஞ்சு காசு. வேணாம்னா நான் இந்தப் பக்கமே வரல."

அவர் தாளைப் படித்தார். தன் பெயரை இரண்டு தடவை படித்தார். கூடையைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான்காவது நாள் அவரே கூப்பிட்டார். தொலைபேசியில் குரலே மாறியிருந்தது. டொரத்தி ஆன்டி தேவாலயப் பாடகர் குழுப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். ஒரு அம்மா, கட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வேண்டாத பூசணிக்காயையும் சேர்த்து வாங்கிப் போனாராம். "தெனம் நூத்தம்பது கட்டு போடும்மா. சனி ஞாயிறுக்கு இருநூறு."

லோகேஸ்வரி மகிழ்ந்தாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். அவள் நிலம் ஒரு நாளைக்கு எழுநூறு கட்டுத் தரும். ஒரு கடையை நம்பினால் முக்கால்வாசிச் செடி வீண். ரெங்கசாமி, "பரவாயில்ல, ஒரு கடையாவது கெடச்சுச்சே" என்றார். ஆனால் அவர் குரலில் நம்பிக்கை இல்லை. முப்பதாம் தேதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மற்றக் கடைகளுக்குப் போகலாம்தான். ஆனால் ராதாகிருஷ்ணனுக்குத் தெரியாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. இருபத்தொன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு நேராகவே சொன்னாள். எதிர்க்கடைப் பவுனம்மாளும் இன்னும் மூன்று பேரும் கேட்கிறார்கள், கொடுக்கப்போகிறேன் என்றாள்.

ராதாகிருஷ்ணன் கத்தரிக்காயைப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா இது? எல்லாக் கடையிலயும் இதே கட்டு இருந்தா அப்புறம் எனக்கு என்ன பெருமை? எனக்கு மட்டும் குடு. வேணும்னா இருநூத்தம்பது எடுத்துக்கிறேன்."

இருநூற்றைம்பது. சரி என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே நிம்மதி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மிச்சமுள்ள செடிகள் கண்முன் வந்து நின்றன.

"அண்ணே, நீங்க ஒருத்தர் மட்டும் குடுத்தா அது உங்க தாராளம். தாராளத்த என்னிக்கு வேணும்னாலும் நிறுத்திடலாம். நாளைக்கு வியாபாரம் டல்லானா மொதல்ல நீங்க நிறுத்துறது என் கட்டத்தான். கோபப்படாதீங்க, நானா இருந்தாலும் அதான் செய்வேன். ஆனா இந்த ரோட்டுல அஞ்சு கடையும் குடுத்தா அது வழக்கமாயிரும். வழக்கத்த யாரு நிறுத்துவா? நிறுத்துன அன்னிக்கு டொரத்தி ஆன்டி எங்க போயித் தக்காளி வாங்குவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் பெட்டியில் போட்ட கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமோ என்று அவள் பயந்தாள்.

"அப்ப என்னை மாட்டி விடுறேன்னு என் மொகத்துக்கு நேராவே சொல்ற."

"ஆமாண்ணே."

"பரவாயில்ல, மறைக்காம சொன்ன." கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "எனக்கு ஆறு மணிக்கு வந்துரணும். அந்தப் பவுனம்மாளுக்கு எட்டுக்கு முன்னால குடுக்கக் கூடாது. இதுல மாத்தம் இல்ல."

"வாக்குண்ணே."

அன்று மத்தியானத்துக்குள் நான்கு கடைகளிலும் பேசி முடித்தாள். பவுனம்மாள் எட்டு மணி என்றதற்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் நூற்றிருபது கட்டுச் சொன்னார். ராதாகிருஷ்ணனையும் சேர்த்து மொத்தம் ஐந்நூற்றறுபது. நாளைக்கே வேண்டும் என்றார்கள். லோகேஸ்வரி வழியில் ரெங்கசாமிக்குப் பிடித்த கொட்டை நீக்கிய பலாச்சுளை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி டெங்கிலுக்கு வந்தாள்.

நிலத்தின் வாசலிலேயே வேனை நிறுத்திவிட்டாள். சிவந்த மண் கிளறிக் கிடந்தது. கிழக்கு ஓரத்தில் நான்கு வரிசைகள் இல்லை. இருநூறு செடிகள் வேரோடு பெயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காற்று முழுக்கக் கறிவேப்பிலை வாசம். மெஷின் போய்விட்டிருந்தது. ரெங்கசாமி மண்வெட்டியோடு நின்றார்.

"நாளைக்குத்தானே முப்பது?" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"மெஷின்காரனுக்கு நாளைக்கு வேற வேல. இன்னிக்கே வந்துட்டான். நாலு வரிசை ஆனதும் எனக்கே மனசு கேக்கல, மிச்சத்த அப்புறம் பாப்போம்னு அனுப்பிட்டேன்."

"எனக்கு ஒரு நாள் பாக்கி இருந்துச்சுல்ல? ஒரு போன் பண்ணிருக்கலாம்ல? அஞ்சு கடை பேசிட்டு வந்துருக்கேங்க! அஞ்சு கடை!"

அவள் கத்தினாள். இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. பலாப் பொட்டலம் எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. அவள் கத்தி முடிக்கும் வரை ரெங்கசாமி நின்று கேட்டார்.

"நீ தெனம் கெளம்பிப் போறப்ப சிரிச்சுக்கிட்டுப் போற, வர்றப்ப தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற. ரெண்டு வருஷமா அதப் பாக்குறேன் லோகா. அது சீக்கிரம் முடியட்டும்னுதான் நெனச்சேன். ஒன்னத் தோக்கடிக்கணும்னு நெனக்கல."

அவர் மனசு அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் ஆறவில்லை. வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நாளைக்கு ஐந்து கடைக்கும் எப்படி இலை வெட்டுவது, யார் கட்டுவது என்ற கவலையோடு அழுதபடியே தூங்கிப்போனாள்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து பார்த்தபோது ரெங்கசாமி பக்கத்தில் இல்லை. படுக்கை மடித்தபடியே இருந்தது. வாசலில் வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஆறு கூடைகள், ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தன. பெயர்த்துப் போட்ட செடிகளையெல்லாம் ரெங்கசாமி வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தார். அவற்றில் ஒரு இலை பாக்கி இல்லை. வெறும் குச்சிகள் ஒரு மூலையில் அடுக்கியிருந்தன. நடுவில் முக்காலியில் உட்கார்ந்து கடைசிக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். லோரி ஓட்டிய பருத்த விரல்கள், வாழைநாரில் முடிச்சுப் போடத் தடுமாறின. கண்கள் சிவந்திருந்தன.

"அஞ்சு கடைக்கும் இருக்கு" என்றார் நிமிராமல். "மிச்சத்துக்கு வரவேணாம்னு மெஷின்காரனுக்கு மெசேஜ் போட்டுட்டேன். அந்த நாலு வரிசையில நான் ஜாகோங் போட்டுக்கிறேன். மத்ததுல கை வைக்க மாட்டேன்."

அவள் கூடையிலிருந்து ஒரு கட்டை எடுத்து எண்ணினாள். பதினொன்று. இன்னொன்றை எடுத்தாள். பன்னிரண்டு.

"என்னங்க இது? ஒவ்வொன்னுலயும் பத்து, பன்னெண்டு வச்சிருக்கீங்க. ஏழுதான் வைக்கணும்."

ரெங்கசாமி கையிலிருந்த முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"சும்மா குடுக்குறதுதானே லோகா. குடுக்குறத நெறையக் குடுக்கட்டும்."

அவள் அந்தக் கட்டைப் பிரிக்காமல் அப்படியே கூடைக்குள் வைத்தாள். ஆறு மணிக்கு ராதாகிருஷ்ணன் கடையில் நிற்க வேண்டும். வேன் சாவியை அவரிடம் நீட்டினாள். "நீங்க ஓட்டுங்க. நான் வழியில மிச்சத்தக் கட்டுறேன்" என்று சொல்லி, நாரையும் இலையையும் மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.